பட்டாவில் முதல் பெயர்

வக்கிரகாளியம்மன் துணை

திருவெண்ணெய்நல்லூர்,
20.1.2025

அன்புத் தங்கச்சி தமிழ்ச்செல்விக்கு அக்கா வேணி எழுதிக்கொள்வது. இங்கு நானும் மாமாவும் ரஞ்சித்தும் நலம். அதுபோல் நீயும் உன் வீட்டுக்காரர் முருகையனும் குழந்தை கலைப்பிரியாவும் நலமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன். குழந்தைக்குச் சளி விட்டதா? கற்பூரவல்லி கொடு.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று மறுபடியும் கேட்டிருந்தாய். நீ மறந்துவிட்டாய், நான் மறக்கவில்லை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் திருவக்கரையில், பிள்ளை ரஞ்சித்துக்கு வேண்டுதல் முடி இறக்கிய அன்றைக்கு, நாலு பேர் பார்க்க, "நீ அப்பாவப் பாத்துக்கினதே நெலத்துக்காகத்தானே?" என்று கேட்டாய். இனி உன்னிடம் வாய் திறந்து பேசமாட்டேன் என்று அந்த இடத்திலேயே கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணினேன். அந்த அம்மனிடம் சொன்ன சொல்லை மீறினால் என்ன ஆகும் என்று உனக்கும் தெரியும். ஆனால் வாயைத்தான் சொன்னேன், கையைச் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கார்த்திகைப் புயலில் பெண்ணையாறு நம் கழனிக்குள் புகுந்ததை டிவியில் பார்த்திருப்பாய். தண்ணீர் வடிந்துவிட்டது, மணல் வடியவில்லை. ரெண்டு ஏக்கரும் முழங்கால் உயரத்துக்கு மணல். பால் பிடித்த நெல் அத்தனையும் அடியில் கிடக்கிறது. ஆடிக்குள் ஜேசிபி வைத்து வாரினால்தான் இந்த வருஷம் நாற்று விட முடியும். இல்லாவிட்டால் மாமா செங்கல் சூளைக்குப் போகிறேன் என்கிறார். ஐம்பது வயசில் சூளையில் என்ன செய்வார் சொல்.

வி.ஏ.ஓ. வந்து எழுதிக்கொண்டு போனார். "கூட்டுப் பட்டாம்மா இது. அக்கா தங்கச்சி ரெண்டு பேரு பேரும் கீது. நிவாரணம் ஒருத்தர் கணக்குலதான் ஏறும், பாத்துக்குங்க" என்றார். பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது, சேற்றில் நிற்கிறவள் நான்தானே என்றேன். சிரித்துவிட்டுப் போனார்.

இந்தப் பொங்கலுக்கு மூட்டை அனுப்ப அரிசி இல்லை. மல்லாட்டை ஒரு பை பஸ்ஸில் போட்டுவிட்டிருக்கிறேன், வாங்கிக்கொள்.

உன் அக்கா,
வேணி

*

திண்டிவனம்,
2.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீ, மாமா, ரஞ்சித் நலமா? மாமாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? கலைக்குச் சளி விட்டுவிட்டது.

மல்லாட்டை வந்தது. உடைத்துப் பார்த்தால் பாதி கடலை பொக்கு. கோபித்துக்கொள்ளாதே, வந்ததைத்தான் சொல்கிறேன்.

கழனியைப் படம் எடுத்து ரஞ்சித் என் போனுக்கு அனுப்பினான். அடையாளமே தெரியவில்லை. கிணற்று மேட்டு வேப்பமரத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். இவரிடம் காட்டினேன். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவருக்குக் கழனியைப் பற்றி என்ன தெரியும்? "பீச்சு மாதிரி கீதே" என்றார். அடிக்கலாம் போல இருந்தது.

இங்கே பிழைப்பு வழக்கம்போல்தான். நாளைக்கு ரெண்டு ஜாக்கெட் தைக்கிறேன். கால் மிஷின் மிதித்து மிதித்து இடுப்பு விட்டுப்போகிறது. எதிர்த்த வரிசையில் ஒருத்தி மோட்டார் மிஷின் வாங்கிவிட்டாள். எம்பிராய்டரி போட்டுக் கொடுக்கிறாள். என்னிடம் வந்துகொண்டிருந்தவர்கள் பாதிப்பேர் அந்த வாசலில் நிற்கிறார்கள். அவர்கள் என் வீட்டைத் தாண்டிப் போகும்போது நான் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

நீ அரிசி அனுப்பாததால் கடையில் வாங்கினேன். வாழ்க்கையில் ஒரு நாளாவது அரிசி விலை கேட்டிருக்கிறாயா அக்கா? கேட்டுப் பார்.

தங்கை,
தமிழ்ச்செல்வி

*

வக்கிரகாளியம்மன் துணை

திருவெண்ணெய்நல்லூர்,
10.3.2025

அன்புத் தங்கச்சிக்கு அக்கா எழுதுவது. நாங்கள் நலம். நீங்கள் மூவரும் நலமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன். வெயில் இப்போதே கொளுத்துகிறது. முருகையனை மதியத்தில் வண்டியோடு அலைய வேண்டாம் என்று சொல். மோர் குடிக்கட்டும்.

பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் நிவாரண லிஸ்ட் ஒட்டியிருந்தார்கள். போய்ப் பார்த்தேன். நாற்பத்தி மூணாவது பேர்: பச்சைமுத்து மகள் தமிழ்ச்செல்வி. மேலும் கீழும் தேடினேன், வேணி இல்லை.

வி.ஏ.ஓ.வைப் பிடித்துக் கேட்டேன். "பட்டாவுல மொத பேரு உங்க தங்கச்சிதுதானே? அவங்க பாங்க் கணக்கு ஏற்கெனவே கம்ப்யூட்டர்ல கீது, அதுலயே ஏறிடுச்சு. உங்களுக்குள்ள பேசிக்குங்கம்மா" என்றார். உங்களுக்குள் பேசிக்கொள்ளுங்கள் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்.

நாலு மாசத்துக்கு ஒரு தடவை வருகிற ரெண்டாயிரம் உனக்கும் வருகிறது, எனக்கும் வருகிறது. வரப்பில் கால் வைக்காதவளுக்கு விவசாயி பணம் எதற்கு என்று நான் ஒரு நாளாவது கேட்டேனா? கேட்கவில்லை. இந்தப் பணம் அப்படி இல்லை. இது என் நெல் செத்ததற்கு வந்தது.

வந்ததும் ஒரு வரி எழுது. ஜேசிபிக்காரன் அட்வான்ஸ் கேட்கிறான்.

அக்கா,
வேணி

*

வக்கிரகாளியம்மன் துணை

திருவெண்ணெய்நல்லூர்,
4.4.2025

அன்புத் தங்கச்சிக்கு, நலம். நீங்கள் நலமா? உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்பு சரியில்லையோ, தபால்காரர்தான் தொலைத்துவிட்டாரோ தெரியவில்லை. லிஸ்டில் இருக்கிறவர்கள் எல்லாருக்கும் பணம் ஏறிவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். பக்கத்துக் கழனிக்காரர் மணலை வாரி முடித்து வரப்பு போட்டுவிட்டார். அவர் கழனி கறுப்பாகத் தெரிகிறது, என்னுடையது வெள்ளையாகக் கிடக்கிறது. பார்க்கவே வயிறு எரிகிறது.

ஜல்தியாகப் பதில் போடு. வெயிலில் அலையாதே, மோர் குடி.

அக்கா

*

திண்டிவனம்,
21.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ, மாமா, ரஞ்சித் எல்லாரும் நலமா? உன் கடிதங்கள் ரெண்டும் கிடைத்தன.

கலைக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. ஆறாம் வகுப்பு போகிறாள். லீவுக்கு எங்காவது கூட்டிக்கொண்டு போ என்று உயிரை வாங்குகிறாள். மரக்காணத்தில் இவருடைய கூட்டாளி மாயவன் வீடு இருக்கிறது, ரெண்டு நாள் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தோம். அவர் பெண்டாட்டி சங்கரா மீன் குழம்பு வைத்தாள். நம் அம்மா வைப்பது போலவே இருந்தது. ருசி நாக்கிலேயே நிற்கிறது.

இந்த வருஷம் மாங்காய் விலை கம்மி. ஊறுகாய் போட்டேன். உனக்கு ஒரு ஜாடி வைத்திருக்கிறேன், ஆள் வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

தெருவில் தண்ணீர்க் குழாய்க்காகப் பள்ளம் தோண்டிப்போட்டு ஒரு மாசம் ஆகிறது. இவருக்கு வண்டி விட இடமில்லை. எல்லாம் ஒரே பேஜாரு.

வேறு விசேஷம் இல்லை.

தங்கை,
தமிழ்ச்செல்வி

*

வக்கிரகாளியம்மன் துணை

திருவெண்ணெய்நல்லூர்,
6.5.2025

தமிழ்ச்செல்விக்கு,

நாங்கள் நலம்.

எங்கள் தெரு பவுனு, மகளைப் பார்க்கத் திண்டிவனம் வந்தவள், உன் வீட்டிலும் எட்டிப் பார்த்திருக்கிறாள். ஊறுகாய் ஜாடியை அவளிடம் கொடுத்தனுப்பியதற்குச் சந்தோஷம். வந்து வாசலில் நின்றுகொண்டே சொன்னாள். "ஒந்தங்கச்சி வூட்ல புது மிஷினு கீதுடி வேணி. கரண்ட்டு மிஷினு. பட்டனைத் தட்டுனா அதுவே மயிலு போடுது, பூவு போடுது. மேல துணி போட்டு மூடி வெச்சிக்கினு கீறா, மாலை ஒண்ணுதான் போடல."

வேறு விசேஷம் இல்லை என்று எழுதியிருந்தாய். சரி.

அப்பா செட்டில்மெண்ட் எழுதின அன்றைக்கு நான் களை பறித்துக்கொண்டிருந்தேன். நீ பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அவரோடு ஆபீசுக்குப் போனாய். திரும்பி வந்தபோது உன் பேர் முதலில், என் பேர் பின்னால். பெரியவள் நான். அப்புறம் அவர் படுக்கையில் விழுந்தபோது மூணு வருஷம் மலம் மூத்திரம் வாரினவளும் நான். அப்போது வாயைத் திறக்கவில்லை. ஆனால் ராத்திரி படுத்தால் அந்தப் பட்டாதான் கண்ணில் தெரியும். அதை எடுத்து எடுத்துப் பார்த்து மடிப்புக் கிழிந்துவிட்டது. அப்பாவுக்கு உன்மேல்தான் ஆசை. எனக்குத் தெரியும். எழுத்திலேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாரே.

சூளைக்காரன் வந்து மாமாவிடம் பேசிவிட்டுப் போனான்.

இந்த வாரம் எழுத்து வேலை கொஞ்சம் அதிகம். விரல் வலிக்கிறது, இத்தோடு நிறுத்துகிறேன்.

வேணி

*

திண்டிவனம்,
12.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமா? மாமாவைச் சூளைக்கு விட்டுவிடாதே.

போன வாரம் எனக்கு நோட்டீஸ் வந்தது. நிவாரணம் வாங்கினது சம்பந்தமாக விசாரணை, பட்டாவோடு நேரில் வரவும் என்று. உங்கள் தாலுகா ஆபீசுக்கு வந்தேன். அவ்வளவு தூரம் வந்தும் உன் வீட்டுக்கு வரவில்லை. வந்தாலும் நீ சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய்.

யாரோ என்மேல் மொட்டை மனு போட்டிருக்கிறார்கள். ஆர்.ஐ. ஒரு சின்ன வயசுக்காரர், எடுத்து என் கையிலேயே கொடுத்தார். "நானும் எவ்வளவோ மொட்டை மனு பாத்துட்டேம்மா, இந்த மாதிரி பாத்ததில்ல" என்று சிரித்தார். மேலே அம்மன் துணை. அதன் கீழே, "மதிப்புக்குரிய தாசில்தார் அய்யா அவர்களுக்கு, இங்கு நாங்கள் அனைவரும் நலம். அதுபோல் தாங்களும் வீட்டில் அம்மாவும் பிள்ளைகளும் நலமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன்" என்று இருந்தது. அப்புறம்தான் விஷயம். திண்டிவனத்தில் மாடி வீட்டில் இருக்கும் தமிழ்ச்செல்வி என்பவள் சேற்றை மிதிக்காதவள், அவளுக்கு விவசாயி பணம் கொடுப்பது அநியாயம். கடைசியில், "தாங்கள் வெயிலில் ஜீப்பில் அலைய வேண்டாம், மோர் அருந்தவும்." பேர் மட்டும் இல்லை.

ஆபீசே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. வாடகைக்கு இருக்கிற மாடி எனக்கு மாடி வீடாம்.

இப்போது நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பணம் மார்ச்சிலேயே வந்தது. மிஷின் அதில்தான் வாங்கினேன். உனக்கு எழுத ரெண்டு தடவை உட்கார்ந்தேன், மாங்காயைப் பற்றித்தான் எழுத வந்தது. தப்புத்தான். ஆனால் இதையும் கேள். கல்யாணமாகிப் பதினாலு வருஷம், பொங்கலுக்குப் பொங்கல் நீ ஒரு மூட்டை அனுப்புவாய். "தங்கச்சிக்கு ஒரு மூட்டை கொடுத்துட்டேன்" என்று ஊரெல்லாம் சொல்வாய். ஒரு தடவையாவது இது உன் பங்கு என்று சொல்லியிருக்கிறாயா? கோயில் வாசலில் போடுகிற மாதிரிப் போட்டாய், நானும் வாங்கித் தின்றேன். அந்த மண் ஒரு தடவையாவது நேராக என் கைக்குக் கொடுக்கட்டுமே என்று தோன்றியது.

அப்பா எனக்கு முதல் பேர் கொடுத்தார் என்று எரிகிறாயே. அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது அவர் என்ன சொன்னார் தெரியுமா? "மண்ணு பெரியவ கையில கீது. அத எவனாலயும் புடுங்க முடியாது. பேராவது சின்னவளுது முன்னாடி இருக்கட்டும். இல்லன்னா இவள ஒருத்தரும் கேக்க மாட்டாங்க." மண்ணை உனக்குக் கொடுத்துவிட்டு எனக்கு ஒரு காகிதத்தில் இடம் பிடித்துக் கொடுத்தார். அந்த வேப்பமரத்தடியில் நீ உட்கார்ந்து சாப்பிடுவதை நினைத்து நான் எத்தனை நாள் எரிந்திருக்கிறேன், உனக்குத் தெரியாது.

விசாரணை முடிகிற வரைக்கும் அந்தப் பட்டாவில் யாருக்கும் எதுவும் ஏறாதாம். ஜூலை கடைசியில் ரெண்டு பேரும் சேர்ந்து வரவேண்டும், வாயால் வாக்குமூலம் சொல்லவேண்டும் என்றார் ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தால் போதாதா என்று உனக்காகக் கேட்டேன். போதாதாம்.

தமிழ்ச்செல்வி

*

வக்கிரகாளியம்மன் துணை

திருவெண்ணெய்நல்லூர்,
25.6.2025

அன்புத் தங்கச்சிக்கு அக்கா எழுதுவது. நாங்கள் நலம். நீயும் முருகையனும் குழந்தையும் நலமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன்.

மொட்டை மனு விஷயம் படித்துத் திடுக்கிட்டுப் போனேன். எவளோ வயிற்றெரிச்சல் பிடித்தவள் செய்த வேலை. பவுனுவாக இருக்கும், மிஷினைப் பார்த்தவள் அவள்தானே. பவுனுக்கு எழுதப் படிக்கத் தெரியாதே என்று நீ கேட்கலாம். யாரையாவது விட்டு எழுதியிருப்பாள். மோர் குடி என்று ஊரில் எல்லாரும்தான் சொல்கிறார்கள்.

இந்தத் தவணை ரெண்டாயிரம் எனக்கும் வரவில்லை. பாங்கில் கேட்டால் நிறுத்தி வைத்திருக்கிறது என்கிறார்கள். விவசாயிகளுக்குப் புதிதாக நம்பர் கொடுக்கிறார்களே, அதற்குப் போனேன். "ஒங்க பட்டா மேல புகார் கீதும்மா, முடிச்சிக்கினு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாமா சட்டையை மாட்டிக்கொண்டு சூளைக்குப் போனார். மூணு நாள் ஆகிறது. சாயங்காலம் வந்து கொல்லையில் கால் கழுவினால் தண்ணீர் செக்கச்செவேலென்று ஓடுகிறது.

அப்பா பஸ்ஸில் சொன்னதை ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை? நான் கேட்கவில்லை என்பாய். கேட்க எனக்குத் தெரியாதே.

மூட்டையைப் பற்றி நீ எழுதியது நிஜம்தான். உன் பங்கு என்று சொன்னால் நிலம் எனக்குக் குறைந்துபோகும் போல இருந்தது. அதனால்தான் சொல்லவில்லை.

சத்தியத்துக்கு என்ன செய்வது? ஆபீசில் நீ ஒரு கேள்வி கேட்டால் நான் எப்படிப் பதில் சொல்வேன்?

அக்கா,
வேணி

*

திண்டிவனம்,
10.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமா? மாமாவின் காலுக்கு விளக்கெண்ணெய் தடவு.

பவுனுவை ஒன்றும் கேட்காதே. பாவம், அவள் எனக்குக் கீரை கொண்டுவந்தாள்.

இங்கே கோயில் ஐயரிடம் சத்தியத்தைப் பற்றிக் கேட்டேன். எந்த இடத்தில் கற்பூரம் அடித்தார்களோ அதே இடத்தில் ரெண்டு பேரும் சேர்ந்து கற்பூரம் ஏற்றி, அம்மா இறக்கிவிடு என்று கேட்டால் போதும் என்றார். ஆபீசுக்குப் போகிற அன்றைக்கே விடிந்ததும் திருவக்கரைக்கு வந்துவிடு. அங்கிருந்து விழுப்புரம் போய்ப் பஸ் மாறிக்கொள்ளலாம். அம்மன் இறக்கிவிடும் வரைக்கும் நீ பேசவேண்டாம், நானும் பேசவில்லை.

மிஷினை விற்கமாட்டேன். இப்போதே சொல்லிவிடுகிறேன், அதைக் கேட்காதே. பள்ளிக்கூடம் திறந்ததும் யூனிபாரம் ஆர்டர் வந்தது, கழுத்து உடையத் தைத்தேன். அந்தக் காசை ஜேசிபிக்காரனுக்குக் கொடு, ரஞ்சித் போனில் போட்டுவிட்டிருக்கிறேன். இது சர்க்கார் பணம் இல்லை, என் கைக்காசு. பாதிக் கழனிக்கு வரும். இனி வருகிறது உன் கணக்கில் ஏறட்டும், நான் ஆபீசில் சொல்கிறேன்.

ஆனால் அறுப்பு முடிந்ததும் என் பங்கு என்று சொல்லி அள. ஒரு மரக்கால் ஆனாலும் பரவாயில்லை. எல்லார் காதிலும் விழுகிற மாதிரிச் சொல்.

தமிழ்ச்செல்வி

*

திருவெண்ணெய்நல்லூர்,
9.8.2025

தமிழு,

உன்னோடு பேசலாம் என்று ஆகிப் பத்து நாள் ஆகிறது. தினமும் போனை எடுக்கிறேன், வைத்துவிடுகிறேன். இதை வாயால் சொல்ல முடியாது. நலமா என்று கேட்டு ஆரம்பிக்கவும் எனக்கு முகம் இல்லை. அம்மன் பேரை மேலே போடவும் பயமாக இருக்கிறது.

அன்றைக்குத் திருவக்கரையில் கற்பூரம் எரிந்து முடிந்ததும் என்னவெல்லாமோ பேசவேண்டும் என்று வந்தேன். வாயிலிருந்து வந்தது, "பொடவ சேத்துல படுது, தூக்கிப் புடி." ரெண்டரை வருஷத்துக்குப் பிறகு நான் சொன்ன முதல் வார்த்தை அது. நீயும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எட்டு மணி பஸ்ஸ வுட்டா ஆபீஸுல கூட்டம் சேந்துடும், நட" என்றாய். அவ்வளவுதான்.

ஆபீசில் அந்த மனுவை ஆர்.ஐ. சத்தமாகப் படித்தாரே, நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் நிமிர்ந்து, "இத எழுதுனது யாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டது என்னைத்தான். நான் வாயைத் திறப்பதற்குள் நீ, "எங்க பக்கம் எல்லாரும் அப்படித்தான் சார் எழுதுவாங்க. வெசாரிக்காம எழுதுனா மரியாதை இல்ல" என்றாய். அவர் சிரித்துக்கொண்டு மூடி வைத்துவிட்டார்.

நான்தான் தமிழு. ஒரே மூச்சில் எழுதினேன். மிஷினைப் பவுனு சொன்ன மறுநாள். அது மயில் போடும் என்றாள் பார், அந்த மயில்தான் என்னைத் தூங்கவிடவில்லை. பொறாமைதான். வேறு பேர் வைத்துக்கொள்ளப் பார்த்தேன், நியாயம் என்று வைத்தேன், அப்பா என்று வைத்தேன். பொருந்தவில்லை. எழுதும்போது கை அது பாட்டுக்கு நலம் விசாரித்துக்கொண்டு போயிருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. உன் கடிதத்தில் அந்த வரிகளைப் படித்தபோது அடுப்பில் போட்டுவிடலாம் என்று இருந்தது, கடிதத்தை இல்லை, கையை.

உன் வாயில் மண் போடப் போய் என் வீட்டுக்காரரைச் சூளை மண்ணில் தள்ளினேன். அப்படியும் ஆபீசில் நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்கும் பொறாமையாக இருக்கிறது, உன் இடத்தில் நான் இருந்தால் செய்திருக்கமாட்டேன்.

ஒரு ஏக்கர் மணலை வாரியாகிவிட்டது. அடியில் மண் அப்படியே கறுப்பாக, ஈரமாக இருக்கிறது. மாமா சூளையை விட்டுவிட்டு நேற்று நாற்றுக்கு விதை ஊறப்போட்டார். புகார் தீர்ந்தது என்று ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், இனி வருகிறது என் கணக்கில் ஏறுமாம். உன் பங்கை எல்லார் எதிரிலும் அளப்பேன். இல்லை, நீயே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அளந்துகொள். நான் கூடை பிடிக்கிறேன்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் போடாவிட்டாலும் சரிதான்.

வேணி

*

திண்டிவனம்,
18.8.2025

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாலு தடவை படித்தேன்.

ஆர்.ஐ. அந்தக் காகிதத்தை என் கையில் கொடுத்த அன்றைக்கே தெரியும். முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. மிச்சத்தைப் படிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து நீ மே மாசம் எனக்கு எழுதின கடிதத்தை எடுத்தேன். விரல் வலிக்கிறது என்று எழுதியிருந்தாயே, அது. ரெண்டும் ஒரே வாரம் எழுதியவை. எனக்கு எழுதியதில், "நாங்கள் நலம்" என்று மட்டும் போட்டிருந்தாய். நீ நலமா என்று கேட்கவில்லை. தாசில்தாரைக் கேட்டிருந்தாய். அவர் பெண்டாட்டியைக் கேட்டிருந்தாய். பிள்ளைகளைக் கேட்டிருந்தாய். வெயிலில் அலையாதே, மோர் குடி என்று முகம் தெரியாத மனுஷனுக்குச் சொல்லியிருந்தாய்.

பணம் நின்றதுகூட எனக்குப் பெரிதில்லை அக்கா. அன்றைக்கு ராத்திரி முழுக்க அந்தத் தாசில்தார்மேல் எரிந்துகொண்டு கிடந்தேன்.

இந்தக் கடிதத்திலும் கேட்கவில்லை. முகம் இல்லை என்று ஒரு சாக்கு வேறு.

நீ கேட்காவிட்டாலும் நானே சொல்கிறேன். ஒரு வாரமாக எனக்கு இருமல். போன் பண்ணாதே, எழுதிக் கேள்.

தமிழ்ச்செல்வி